கைராசி

எத்தேரியின் வண்டி
என் கையில் எப்போதும் கிளம்பிவிடும்.
அதுதான் கோளாறு.

ருஸ்தாவியில் பிப்ரவரி.
இரும்பாலைப் பக்கத்துக் காற்று
ஷட்டரைத் தட்டிவிட்டு வாசலிலேயே நிற்கும்.
மூன்றாம் முறையாக
இழுவை வண்டியில் வந்து இறங்கினாள்.
முட்டை வியாபாரம். விடிகாலை நாலு மணிக்குத்
திபிலிசிச் சந்தையில் இருக்க வேண்டியவள்.
நீல வண்டி ஜப்பானிலிருந்து வந்தது,
ஸ்டியரிங் வலப்பக்கம், வாங்கி ஒரு மாதம்.
"சில நாள் கிளம்பும். சில நாள்
இரண்டு நொடி உறுமிவிட்டுச் செத்துப்போகும்.
சிவப்புப் பூட்டு விளக்கு வேறு மினுக்கும்.
நான் என்ன திருடியா, வாஸா?"

சாவியைக் கொடுத்தாள். திருகினேன்.
முதல் திருகலிலேயே கிளம்பி
வயிறு நிறைந்த பூனையாய்க் குறுகுறுத்தது,
வெட்கமே இல்லாமல்.
வைத்தியரைக் கண்டதும் நின்றுபோகும் வயிற்றுவலி.
"உன் கைராசி" என்றாள்.
பாராட்டாகச் சொல்லவில்லை.

ஆனாலும் பார்த்தேன்.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
வெளிச்சத்தில் காட்டினேன்.
ஸ்டியரிங் மூடியைக் கழற்றி
சாவித் துளையைச் சுற்றிய செப்புச் சுருளை
மீட்டரால் தொட்டேன். அறுபடவில்லை.
கோச்சா கணினியைச் செருகினான்.
அதற்குத் தெரிந்தது ஒரே வரி:
சாவி அடையாளம் தெரியவில்லை. பதினேழு முறை.
எந்தச் சாவி என்று சொல்லவில்லை.

"பெட்டியையே மாற்றிவிடலாம்" என்றான் கோச்சா.
பெட்டி விலைக்கு எத்தனை தட்டு முட்டை என்று
எத்தேரி விரல் மடக்கினாள்.
விரல் போதவில்லை.

பிறகு நான் செய்தது வேலையே அல்ல.
ஒதுங்கி நின்றேன்.
"நீ கிளப்பு. உன் வீட்டு வாசலில் கிளப்புவதுபோல."

அவள் கோட்டுப் பையிலிருந்து வளையத்தை எடுத்தாள்.
என்னிடம் தரும்போதெல்லாம்
அதிலிருந்து கழற்றித்தான் தந்திருக்கிறாள்;
வீட்டுச் சாவியை மெக்கானிக்கிடம் யார் விடுவார்கள்?
நகத்தால் நெம்பி மாட்டினாள்.
திருகினாள்.
உறுமல். ஒன்று. இரண்டு.
சாவு.
சிவப்பு விளக்கு.

வளையத்தில் வீட்டுச் சாவி, கடைச் சாவி,
தபால் பெட்டியின் குட்டிச் சாவி,
அப்புறம்
கறுப்புத் தலையோடு இன்னொரு கார்ச் சாவி.

அது வெள்ளை வண்டி.
சந்தை வாசலில், பட்டப்பகலில்,
நாலு வருடத்துக்கு முன்னால் போனது.
ஐந்தே நிமிடம். முட்டைத் தட்டுகளோடு.
போலீஸ் காகிதத்தை மூடிவிட்டது.
சாவியை யாரும் கேட்கவில்லை.

சொன்னேன்:
துளையைச் சுற்றிய சுருள் "யார்?" என்று கேட்கும்.
சாவித் தலைக்குள் அரிசியளவு சிப்.
அதற்குப் பேட்டரி கிடையாது.
கேட்டவரிடமே கொஞ்சம் மின்சாரம் கடன் வாங்கித்
தன் எண்ணைச் சொல்லும்.
பக்கத்தில் தொங்குவதும் கடன் வாங்கும்.
ஒரே நேரத்தில் இரண்டு "நான்தான்".
வண்டிக்கு ஒன்றும் விளங்காது.

"சாவியே இல்லாதவன் ஓட்டிக்கொண்டு போனான்.
இரண்டு சாவிக்காரி
உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள்.

நான் கழற்றப் போனேன், விடவில்லை. தானே கழற்றினாள்.
"அந்த வண்டி எங்காவது இருந்தால்,
இதைத் திருகினால் கிளம்புமா?"

திருடினவன் முதலில் அழிப்பதே
அந்த ஞாபகத்தைத்தான்.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் கோச்சா, யாரும் கேட்காமலே,
சாவியை வாங்கி ரீடர்மேல் வைத்தான்.
திரையில் எட்டு இலக்கம்,
ஒன்றும் குறையவில்லை.
"பேசுகிறது" என்றான், மடையன்.

இடப்பக்கப் பையில் போட்டுக்கொண்டாள்.
ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும் என்றேன்.
வண்டி கிளம்பியது, அவள் கையில்.

ரசீதில் 'கோளாறு' என்ற கட்டம் இன்னும் காலி.
கூலிக்கு ஒரு தட்டு முட்டை
வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
முப்பதில் ஒன்று கீறல்.